பாம்பு இருமாது: வளர்ப்புப் பாம்பின் மூச்சுக் கோளாறைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

நாய்க்கு நெஞ்சில் சளி கட்டினால் ராத்திரி முழுக்க இருமி வீட்டையே எழுப்பிவிடும். பாம்பு எழுப்பாது. சளியை இருமித் தள்ள உதரவிதானம் வேண்டும். பாம்புக்கு அது கிடையாது. விலா எலும்புகளை அசைக்கும் தசைகளை வைத்துத்தான் மூச்சை இழுக்கிறது, விடுகிறது. போதாக்குறைக்கு நுரையீரலின் அமைப்பும் சளிக்கே சாதகம். அதன் முன்பகுதியில்தான் ரத்த நாளங்கள் நிறைந்து காற்றுப் பரிமாற்றம் நடக்கிறது. பின்பகுதி பெரும்பாலும் வெறும் காற்றுப் பை. சளி அந்தப் பைக்குள் இறங்கிவிட்டால் திரும்ப மேலே ஏறி வருவது பெரும்பாடு. ஊர்வனவற்றின் சீழும் நம்முடையதைப் போல நீர்த்து ஒழுகாது. கெட்டியாக உறைந்து இருந்த இடத்திலேயே தங்கிவிடும்.

ஆகவே மூக்கில் குமிழி தெரிகிற நாளை நோயின் முதல் நாள் என்று எண்ணிவிடாதீர்கள். பல சமயம் வாரக்கணக்கில் உள்ளே ஓடிக்கொண்டிருந்த நோய் அன்றைக்குத்தான் வெளியே தலைகாட்டுகிறது. அந்தக் குமிழிக்கு முன்னால் வருகிற சின்ன மாற்றங்களை எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

உதாரணத்துக்குப் பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பை எடுத்துக்கொள்கிறேன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பயந்தால் தலையை நடுவில் வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். பிரிட்டனில் இதையே ராயல் பைத்தான் என்பார்கள். நான் இருக்கும் கனடாவிலும், அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும் வீடுகளில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் பாம்புகளில் இது ஒன்று. வீடுகளில் வளர்க்கும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்னேக் (corn snake) வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்; வேறுபடும் இடங்களைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம்தான், ஆனால் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருக்கிறது. 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

படி 1: நன்றாக இருக்கும்போதே பழகிக்கொள்ளுங்கள்

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, கையில் இருக்கும் போன், இவை போதும். ஆனால் உங்கள் பாம்பு நலமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவருக்கு எல்லாச் சத்தமும் நோயாகக் கேட்கும், அல்லது எதுவுமே கேட்காது.

நலமாக இருக்கும் பால் பைத்தான் ஓய்வில் மூச்சு விடுவது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கழுத்துக்குப் பின்னால், உடலின் முன்பகுதியில், விலா மெல்ல விரிந்து அடங்கும். அப்புறம் சற்று நேரம் அசைவே இருக்காது. புதிதாக வளர்ப்பவர்கள் இந்த இடைவெளியைப் பார்த்துப் பதறுவார்கள், அது இயல்பு. வாய் மூடியிருக்கும், தொண்டை துடிக்காது, சத்தம் வராது.

எடையை மாதம் ஒருமுறை எழுதுங்கள். குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பாம்பை உள்ளே விட்டால் வேலை முடிந்தது. எப்போது சாப்பிட்டது, எப்போது மறுத்தது, எப்போது சட்டை உரித்தது என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். பால் பைத்தான், அதிலும் வளர்ந்த ஆண், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் எலியைத் தொடாமல் இருப்பது சகஜம். வெறும் பட்டினியா, நோயால் வந்த பட்டினியா என்று பிரித்துச் சொல்வது இந்த எடைக் கணக்குதான். சாப்பிடாமலே எடை அப்படியே நின்றால் காத்திருக்கலாம். கடைசியாக நன்றாக இருந்தபோது எழுதிய எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டால், மூச்சில் சத்தம் இருக்கிறதோ இல்லையோ, மருத்துவரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது.

படி 2: தொடாமல் பாருங்கள்

பெட்டியைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். தொட்டவுடன் பாம்பு விறைத்துக்கொள்ளும், மூச்சு மாறும், பார்க்க வேண்டியது மறைந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு, அது தானாக வெளியே வரும் நேரத்தில், அறை விளக்கைக் குறைத்துவிட்டு எட்டி நின்று பாருங்கள்.

முதலில் தலை. நுரையீரலில் சளி சேர்ந்த பாம்பு தலையையும் கழுத்தையும் மேலே தூக்கி, பெட்டியின் கண்ணாடியிலோ கிளையிலோ சாய்த்து வைத்துக்கொள்ளும். அப்படி வைத்தால் மூச்சுக்குழாய் நேராகிச் சளி கீழே இறங்கும். கொஞ்சம் காற்று வாங்க முடியும். ஒரு நிமிடம் தலையைத் தூக்கி நாக்கை நீட்டி மோப்பம் பிடிப்பது வேறு விஷயம். மணிக்கணக்கில் அதே நிலையில் நாக்கை நீட்டாமல் சாய்ந்திருந்தால் கவனியுங்கள்.

அடுத்து கண்ணாடி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. முகத்தைச் சாய்த்து வைத்த இடத்தில் எச்சில் காய்ந்து மெல்லிய, பளபளப்பான கோடுகளாக ஒட்டியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெளிவாகத் தெரியும். நெருங்கிப் பார்த்தால் சில கோடுகளின் முனையில் குமிழி உடைந்த சின்ன வட்டமும் இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலும், பாம்பு பதுங்கும் குகையின் வாசலிலும் இதே தடத்தைத் தேடுங்கள். பாம்பின் மூக்கு சுத்தமாக இருக்கும் நாளிலும் ராத்திரி நடந்ததைக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் தொண்டை, விலா, வாய். தாடைக்குக் கீழே தொண்டை உப்பி உப்பி அடங்குகிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் உடம்பே பெருமுயற்சி செய்வது போலத் தெரிகிறதா? வாய் ஒரு கோடளவு திறந்தே இருக்கிறதா? வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவது முற்றிய நிலை. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். பாம்பில் அது சாதாரணமே இல்லை.

படி 3: காது கொடுங்கள்

மின்விசிறி, டிவி, மீன்தொட்டி மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மூச்சுக் கோளாறில் வரும் சத்தங்கள் ஒரே மாதிரி இருக்காது.

மெல்லிய விசில், மூச்சோடு ஏறி இறங்குவது: மூக்குத் துளை குறுகியிருக்கிறது என்று பொருள். சளியாகவும் இருக்கலாம், உரியாமல் ஒட்டிய தோலாகவும் இருக்கலாம். 'டிக், டிக்' என்று சொடுக்கும் சத்தம்: மூச்சுப் பாதையில் மெல்லிய சளிப் படலம் கட்டி, காற்று போகும்போது உடைகிறது. பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்தில் கேட்பது இதுதான். அமைதியான அறையில்தான் பிடிபடும். மூன்றாவது களகளப்பு. இளநீர் தீரும் நேரத்தில் ஸ்ட்ராவில் உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம். இது கேட்டால் சளி கணிசமாகச் சேர்ந்துவிட்டது.

கேட்டதை உடனே போனில் வீடியோவாக எடுங்கள், ஒலியோடு. காரில் ஏற்றிக் குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோனதும் பல பாம்புகள் சத்தமே இல்லாமல் படுத்துக்கொள்ளும். மருத்துவர் முன்னால் நீங்கள் வாயால் 'டிக் டிக்' என்று செய்து காட்டுவதைவிட வீடியோ நூறு மடங்கு மேல்.

ஸ்டெதாஸ்கோப் வாங்கி வைத்திருக்கும் ஆர்வலர்களும் உண்டு. நேராக வைத்தால் செதில் உரசும் சத்தம்தான் கேட்கும். ஈரத் துணியை நடுவில் வைத்துக் கேட்டால் உரசல் குறையும். ஆனாலும் பழகாத காதுக்கு அதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

படி 4: பார்த்தது நோய்தானா?

பயந்து மருத்துவரிடம் ஓடியவர்களில் ஒரு பகுதியினருக்கு விடை 'சட்டை உரிக்கப் போகிறது' என்பதாகத்தான் இருக்கும். சட்டை உரிப்பதற்கு முன் கண் நீலம் பாய்ந்து மங்கும், தோல் வெளிறும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சுரக்கும் அந்த நாட்களில் மூக்குத் துளையும் குறுகும். மூச்சில் விசில் வரும். அப்போது பெரும்பாலும் சாப்பிடாது, மூலையில் சுருண்டு கிடக்கும். பட்டியலைப் பார்த்தால் மூச்சுக் கோளாறின் பாதி அறிகுறிகள் இங்கேயே வந்துவிட்டன.

பிரிப்பது எப்படி? உரித்த சட்டையை எறிந்துவிடாமல் தலைப் பகுதியை விரித்துப் பாருங்கள். கண்ணின் மேல் இருக்கும் இரண்டு கண்ணாடி மூடிகளும் வந்திருக்க வேண்டும், மூக்கு நுனி முழுசாக உரிந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அன்று அல்லது மறுநாள் விசில் நின்றுவிடும். சட்டை சுத்தமாக உரிந்த பிறகும் சத்தம் தொடர்ந்தால் அது தோலால் வந்த சத்தம் இல்லை. மூக்கில் தோல் துண்டு ஒட்டியிருந்தால் ஈரப்பதத்தைக் கூட்டி, ஈரப் பாசி வைத்த டப்பாவுக்குள் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஊசியோ டிவீசரோ வைத்து மூக்குத் துளைக்குள் நோண்ட வேண்டாம்.

சீறல் வேறு, இளைப்பு வேறு. சீறுவது மிரட்டல்: எதிரில் ஆள் இருக்கும், கழுத்து வளைந்திருக்கும், காற்று வேகமாக வெளியேறும், நீங்கள் விலகினால் நின்றுவிடும். இளைப்பு யாரும் இல்லாதபோதும், ஓய்விலும், மூச்சுக்கு மூச்சு வரும்.

எலியை விழுங்கிய பிறகு வாயை அகலத் திறந்து தாடையைச் சரிசெய்வது கொட்டாவி போல இருக்கும். ஓரிரு முறை செய்துவிட்டு விட்டுவிடும். தண்ணீர் குடித்த உடனே மூக்கில் ஒரு துளி குமிழி வருவதும் உண்டு. பெட்டியில் போட்ட தேங்காய் நார்த் துகள் மூக்கில் ஏறினாலும் சத்தம் வரும், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

இன்னொன்று, தலை கோணுவது. தலை ஒருபக்கம் திருகிக்கொண்டு, உடம்பைத் தலைகீழாகப் புரட்டி விட்டால் நிமிர முடியாமல் தவித்தால் அது நரம்புக் கோளாறு. மூச்சு வாங்கத் தலையைச் சாய்க்கும் நிலையோடு இதைக் குழப்பக் கூடாது. ஸ்பைடர் என்ற நிற வகைப் பால் பைத்தானுக்குப் பிறவியிலேயே தலை ஆடும், அது மரபணுக் கோளாறு. வேறு பாம்புக்குத் திடீரென அப்படி ஆனால் அதுவும் அவசர விஷயம்தான். வைரஸ், அதிகச் சூடு, பூச்சி மருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

படி 5: முகத்தையும் வாயையும் பாருங்கள்

கையை நன்றாகக் கழுவிவிட்டு, உடம்பைத் தாங்கிப் பிடித்து, பகல் வெளிச்சத்தில் மூக்கைப் பாருங்கள். இரண்டு துளைகளும் ஒரே அளவில் திறந்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் காய்ந்த பொருக்கு, ஓரத்தில் பழுப்புக் கறை, மேலுதடு சற்று வீங்கியது, உதட்டுக் கோட்டில் ஈரம், எதுவானாலும் நோட்டில் எழுதுங்கள். வாயை மூடியிருக்கும்போது இரண்டு தாடையும் சரியாகப் பொருந்துகிறதா? உள்ளே சீழ் இருந்தால் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

வாயைத் திறந்து பார்ப்பது இரண்டாம் பட்சம். பாம்பு அமைதியான சுபாவம், உங்களுக்கும் பழக்கம் உண்டு என்றால், கீழுதட்டின் விளிம்பை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் லேசாக அழுத்தினால் ஒரு கணம் திறக்கும். மூச்சுக்கே திணறும் பாம்பிடம் இதைச் செய்யவே கூடாது. அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

நலமான வாய் வெளிறிய இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும், நூல் கட்டாது. கீழ்த்தாடையின் நடுவில், நாக்கு வெளியே வரும் இடத்துக்குச் சற்று மேலே பின்னால், ஒரு சின்னக் கீற்று திறந்து மூடும். அதுதான் மூச்சுத் துளை. பெரிய எலியை விழுங்கும்போது அந்தக் குழாயின் வாயை முன்னால் நீட்டிக்கொண்டு மூச்சு விடும் திறமை பாம்புக்கு உண்டு. நோயுற்ற பாம்பில் அந்தக் கீற்றைச் சுற்றி நுரை நிற்கும். வாயைத் திறக்கும்போது மேலண்ணத்துக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே சளி நூல் நூலாக இழுபடும். ஈறில் சிவப்புப் புள்ளிகள், பல் ஓரத்தில் மஞ்சள் கட்டி இருந்தால் வாய்ப்புண்ணும் சேர்ந்திருக்கிறது. வாயில் தொடங்கிய சீழ் கீழே இறங்கி நுரையீரலைப் பிடிப்பதும், நுரையீரல் சளி மேலே வந்து வாயைக் கெடுப்பதும் இரண்டுமே நடக்கும்.

படி 6: பெட்டியைச் சோதியுங்கள்

பாம்பின் எதிர்ப்புச் சக்தி அதன் உடல் சூட்டைப் பொறுத்தது. உடல் சூடு பெட்டியின் சூட்டைப் பொறுத்தது. சூடு குறைந்தால் நோயை எதிர்க்கும் செல்களும் மந்தமாகும், மூச்சுப் பாதையைத் துடைக்கும் நுண்மயிர்களும் மந்தமாகும். வழக்கமாகப் பாம்பின் வாயிலும் குடலிலும் சுற்றுப்புறத்திலும் சும்மா கிடக்கும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சமயம் பார்த்து உள்ளே புகுந்துவிடும். அதனால் அறிகுறி தெரிந்தால் பாம்பைப் பார்த்த அதே கையோடு வெப்பமானியையும் பாருங்கள்.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, ராத்திரியிலும் 24க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். கார்ன் ஸ்னேக்குக்கு முறையே 29 முதல் 31, 21 முதல் 24. ஈரப்பதம் 40 முதல் 60 போதும்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டரை நம்ப வேண்டாம். அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும், அதையும் தப்பாகக் காட்டும். கம்பி நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, இரண்டு முனையிலும் பாம்பு படுக்கும் மட்டத்தில் வையுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் வகையாக இருக்கட்டும். விடியற்காலை 4 மணிக்கு என்ன சூடு இருந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மாஸ்டாட்டின் உணரிக் கம்பி இடம் மாறிச் சூட்டுப் பாயின் மேலேயே கிடந்தால், பாய் சூடானதும் தெர்மாஸ்டாட் நின்றுவிடும், பெட்டி குளிர்ந்தே இருக்கும். எல்லாம் ஓடிக்கொண்டிருப்பது போலத் தெரிவதால் இந்தக் கோளாறு கண்ணில் படுவதில்லை.

ஈரப்பதத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து. கனடா குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று 30 சதவீதத்துக்கும் கீழே வறண்டு போகும். மூச்சுப் பாதையின் ஈரப் படலம் காய்ந்து வெடித்துக் கிருமிக்கு வழி விடும். அதற்குப் பயந்து தினமும் தண்ணீர் தெளித்து, மூடியை முழுக்க அடைத்து, படுக்கையைச் சொதசொதவென்று ஆக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். ஈரம், குளிர், காற்றோட்டமின்மை மூன்றும் சேர்ந்தால் அதைவிட மோசமான கூட்டணி கிடையாது. படுக்கையின் மேல்தளம் கையில் ஒட்டாமலும் அடித்தளம் ஈரமாகவும் இருப்பது நல்லது. பெட்டியைத் திறந்ததும் மூக்கில் அம்மோனியா நெடி ஏறினால், அந்த நெடியை நாள் முழுக்கச் சுவாசித்துக்கொண்டிருப்பது யார் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி, வாசனை எண்ணெய் டிஃப்யூசர், மிளகாய் தாளிக்கும் கமறல், எதுவும் பாம்பு இருக்கும் அறைக்குள் வர வேண்டாம். கொசு விரட்டிகளில் இருக்கும் பைரெத்ராய்டு ஊர்வனவற்றுக்கு நல்லதே இல்லை. தேவதாரு மரச்சீவலையும் படுக்கையாகப் போடக் கூடாது. அதன் எண்ணெய் மூச்சுப் பாதையை எரிக்கும்.

கிண்ணத்துத் தண்ணீரின் அடியிலும் பாம்பின் கண்ணோரத்திலும் நகரும் கரும்புள்ளிகள் இருந்தால் அவை உண்ணிகள். ரத்தத்தைக் குடித்துப் பாம்பைப் பலவீனமாக்குவதோடு ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கிருமியையும் கடத்தும்.

படி 7: எவ்வளவு அவசரம்?

வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுகிறது, தலையை இறக்கவே மாட்டேன் என்கிறது, வாயில் நுரை தள்ளுகிறது, வாயின் உட்புறம் சாம்பல் அல்லது நீலமாக மாறிவிட்டது, கையில் எடுத்தால் துவள்கிறது: அன்றைக்கே மருத்துவமனை. நாளைக் காலை என்று தள்ளிப் போடாதீர்கள்.

சட்டை உரிக்கும் காலம் இல்லாதபோது கேட்கும் சொடுக்கு, மூக்கில் திரும்பத் திரும்ப வரும் குமிழி, கண்ணாடியில் எச்சில் தடம், எடைக் குறைவு: இரண்டு மூன்று நாளுக்குள் காட்டிவிடுங்கள். கண் மங்கியிருக்கும் பாம்பில் லேசான விசில் மட்டும் என்றால் சட்டை உரியும்வரை காத்திருக்கலாம்.

பெட்டியின் சூட்டைச் சரிசெய்ததும் சத்தம் நின்றுவிட்டது, இனி மருத்துவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சூடு கூடியதும் சளி இளகிச் சத்தம் குறையும், அது உண்மைதான். ஆனால் காற்றுப் பையில் உறைந்த சீழ் சூட்டால் கரையாது. சில வாரம் கழித்து அதே நோய் இன்னும் பலமாகத் திரும்பி வரும்.

படி 8: மருத்துவரிடம்

ஊர்வன பார்க்கும் மருத்துவராக இருக்க வேண்டும். நாய், பூனைக்கு எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாம்புக்கு மருந்தின் அளவும் இடைவெளியும் வேறு. ஊர்வன, நீர்நில வாழ்வன மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமான ஏ.ஆர்.ஏ.வி. தன் இணையதளத்தில் ஊர்வாரியாக மருத்துவர் பட்டியல் வைத்திருக்கிறது. பாம்பு நன்றாக இருக்கும்போதே அதில் ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும்போது தலையணை உறை போன்ற துணிப் பைக்குள் பாம்பை விட்டு முடிந்து, அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். பனிக்காலம் என்றால் காரை முன்னாடியே சூடாக்கிவிட்டு, பையைத் தொடாதபடி துணி சுற்றிய சூட்டுப் பொட்டலம் ஒன்று வையுங்கள். நோட்டுப் புத்தகம், வீடியோ, வெப்பமானி காட்டிய எண்கள், முடிந்தால் கடைசியாக உரித்த சட்டை, எல்லாம் கூடவே போகட்டும்.

அங்கே எக்ஸ்ரே எடுப்பார்கள். மூச்சுக் குழாய்க்குள் மெல்லிய குழாயை இறக்கி, கொஞ்சம் உப்புநீரை விட்டு உறிஞ்சி எடுத்து, அதை வளர்த்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பார்கள். செலவு கூடும்தான். ஆனாலும் நான் இதற்குச் சம்மதியுங்கள் என்றே சொல்வேன். குருட்டாம்போக்கில் மாற்றி மாற்றிக் கொடுத்த ஆன்டிபயாடிக்குகளின் செலவு அதைவிடக் கூடுதலாக வரும்.

வாயிலிருந்து பஞ்சில் எடுத்த மாதிரியை வைத்து வைரஸுக்கான பி.சி.ஆர். சோதனையும் கேளுங்கள். நிடோவைரஸ் என்று பரவலாகச் சொல்லப்படும் செர்பென்டோவைரஸ் பால் பைத்தான்களில் கடுமையான நுரையீரல் நோய் உண்டாக்குவது 2014இல்தான் வெளியானது. பச்சை மர மலைப்பாம்புகளை அது இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. வாயின் உட்புறம் சிவப்பதும் சளி அதிகமாவதும் பெரும்பாலும் இதன் முதல் அடையாளம். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. கூடவே தொற்றும் பாக்டீரியாவுக்குத்தான் மருத்துவம். பாம்பின் நுரையீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஃபெர்லாவைரஸ் அதைவிடப் பழையது. 1972இல் சுவிட்சர்லாந்தின் பாம்புப் பண்ணை ஒன்றில் விரியன் வகைப் பாம்புகள் செத்து விழுந்தபோதுதான் முதலில் பிடிபட்டது.

கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து இறக்குமதியான பால் பைத்தான் என்றால் ஒட்டுண்ணிச் சோதனையும் அவசியம். நுரையீரலில் வாழும் புழுக்கள் உண்டு. புளோரிடாவில் காட்டில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளோடு வந்த ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி ஒன்று இப்போது அங்குள்ள உள்ளூர்ப் பாம்புகளையும் பிடித்திருக்கிறது.

படி 9: வீட்டுப் பராமரிப்பு

ஊசி மருந்துதான் பெரும்பாலும். செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக்கைப் பாம்புக்கு வழக்கமாக மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போடுவார்கள்; அத்தனை மெதுவாக உடம்பிலிருந்து வெளியேறுகிறது. மருத்துவர் சிரிஞ்சுகளில் நிரப்பி உறைய வைத்துக் கொடுத்தால் ஃப்ரீசரில் வைத்து, போடும் நேரத்தில் ஒன்றை மட்டும் இளக்குங்கள். உடலின் முன்பகுதியில், முதுகெலும்பை ஒட்டிய தசையில், ஒருமுறை இடம் ஒருமுறை வலம் என மாற்றிப் போட வேண்டும். முதல் ஊசியை மருத்துவர் முன்னாலேயே உங்கள் கையால் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள். வாரக்கணக்கில் நீளும் சிகிச்சை இது. சத்தம் நின்றதும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

சூட்டை அந்த இனத்துக்குரிய வரம்பின் மேல் எல்லையில் வைத்து, ராத்திரியில் குறைப்பதையும் நிறுத்துங்கள். வரம்பைத் தாண்டக் கூடாது. குளிர்ந்த பக்கமும் இருந்தே ஆக வேண்டும். படுக்கையை எடுத்துவிட்டுக் காகிதம் விரித்தால் சளித்துளி விழுவது தெரியும். உணவை மருத்துவர் சொல்லும்வரை தள்ளி வையுங்கள். மூச்சுக்குத் திணறும் பாம்பின் வாயில் எலியைத் திணிப்பது கொலைக்குச் சமம். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். தூக்கிக் கொஞ்சுவதெல்லாம் அப்புறம்.

நெபுலைசர் வைக்கச் சொன்னால் அவர் சொன்ன மருந்தை, அவர் சொன்ன நேரம் மட்டும் வையுங்கள். நமக்குச் சளி பிடித்தால் செய்கிற ஆவி பிடித்தல், விக்ஸ், யூகலிப்டஸ் தைலம், துளசிக் கஷாயம் எதுவும் இங்கே வேண்டாம். சூடான ஆவி பாம்பின் நுரையீரலைச் சுட்டுவிடும். தைல நெடி ஏற்கெனவே புண்ணான பாதையை இன்னும் புண்ணாக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையும் கூடாது.

படி 10: மற்ற பாம்புகள்

ஒன்றுக்கு மேல் வைத்திருந்தால் நோயுற்றதை வேறு அறைக்கு மாற்றுங்கள். தனி இடுக்கி, தனிக் கிண்ணம், தனிக் கொக்கி. நலமாக இருக்கும் பாம்புகளுக்கு முதலில் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டு நோயுற்றதிடம் கடைசியாகப் போங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாம்பின் மூச்சு நோய் பொதுவாக மனிதருக்கு வராது, ஆனால் சால்மோனெல்லா வரும். அதனால் பாம்புக் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

புதிதாக வாங்கும் எந்தப் பாம்பையும் குறைந்தது மூன்று மாதம் தனியே வைத்து, அதற்குள் வைரஸ் சோதனையும் செய்துவிடுங்கள். மூன்று மாதம் அறிகுறி இல்லாமல் ஓடிவிட்டது, சோதனை எதற்கு என்று தோன்றும். செர்பென்டோவைரஸ் தொற்றிய சில பாம்புகள் நன்றாகத் தின்று, சட்டை உரித்து, எடையும் ஏறிக்கொண்டே வைரஸைப் பரப்பிக்கொண்டிருக்கும். சோதனையில் வைரஸ் இருப்பதாக வந்த பாம்பு உங்கள் வீட்டில் தனியாகப் பல காலம் வாழலாம். அதை விற்கவோ, இனப்பெருக்கத்துக்கு இரவல் கொடுக்கவோ, கண்காட்சிக்கு எடுத்துப் போகவோ கூடாது.